முடிவை மாற்றி எழுதவும்

நாற்பத்தோரு வருஷமாக வரும் ‘தூவானம்’ பள்ளி ஆண்டு மலருக்கு இனி நீங்கள்தான் ஆசிரியர் என்றதும் எப்சிபா டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை பிள்ளைகளின் கதைகளில் பிழை திருத்தித் திருத்தியே கண் பூத்துப்போனவள். மலரை நடத்திவந்த விஜயசங்கர் சார் ஓய்வுபெற்று, பீரோ சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

சார் எதையும் தூரப்போடுகிற ஆள் இல்லை. அச்சில் வராத கதை என்றால் ஓரத்தில் குறிப்பெழுதி, அதைப் பிள்ளையிடம் வாசித்துக் காட்டிவிட்டு, தாளை வாங்கி அந்த வருஷக் கட்டில் சேர்த்துவிடுவார். பிறகு கட்டை யாரும் பிரிப்பதில்லை. எந்தப் பிள்ளை விடாமல் எழுதுகிறது என்று தெரியவேண்டாமா? டீச்சர் எல்லாவற்றையும் பிரித்துப் பெயர்வாரியாக அடுக்க உட்கார்ந்தாள்.

ஜோதிலட்சுமி பெயரில் இரண்டு கதைகள் சேர்ந்தன. ஏழாம் வகுப்பில் எழுதியதில் ஒரு பூனைக்குட்டி. குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் மாமா அதைத் தன் லாட்ஜுக்குக் கொண்டுபோகிறார். பகலெல்லாம் அது எச்சில் தட்டு கழுவுகிறது. ராத்திரி மெத்தை போடும் அறையில் வைத்துப் பூட்டுகிறார். கத்தினால் பெல்ட். ‘கதவு திறக்கவே இல்லை’ என்று கதை முடிகிறது.

எட்டாம் வகுப்புக் கதையிலும் அதே பூனை, அதே அறை, அதே பெல்ட். முடிவில் மட்டும் அப்பா வந்து கதவைத் திறக்கிறார்.

பூனை எங்காவது தட்டு கழுவுமா? டீச்சர் முதல் தாளை மறுபடி எடுத்தாள். ஓரத்தில் சிவப்பு மையில், ‘நல்ல கற்பனை. முடிவு சோகம். மாற்றி எழுதவும்.’ சாருடைய கையெழுத்து இல்லை அது. அவளுடையதேதான். பிழை திருத்தும்போது எழுதியது; ஞாபகம்கூட இல்லை.

அந்தத் தாளோடு ஒன்பதாம் வகுப்புக்கு ஓடினாள்.

“ஜோதிலட்சுமி எங்கட்டி?”

“சீசன் முடிஞ்சுதான் வருவா டீச்சர்,” என்றாள் பக்கத்து இடத்து ஷெர்லின். “வருசா வருசம் அவ மாமா வந்து கூட்டிட்டுப் போயிருதாரு. மலருக்குக் கதை எழுதி வச்சுட்டுப் போயிருக்கா.”

ஷெர்லின் நீட்டிய தாளில் டீச்சர் நேராகக் கடைசி வரிக்குப் போனாள். ‘அப்பா வரமாட்டார். அதனால் கதவை டீச்சர் வந்து திறந்தார்கள்.’

நின்ற இடத்திலேயே பிள்ளைகளுக்கான உதவி எண்ணை அழைத்தாள். பெயர், ஊர், மாமா, லாட்ஜ் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

“இது உங்களுக்கு எப்போ தெரியும் மேடம்?”

டீச்சர் கையிலிருந்த ஏழாம் வகுப்புத் தாளின் சிவப்பு மையைப் பார்த்தாள்.

“ரெண்டு வருசமா,” என்றாள்.