பலகை இல்லாத நோட்டு

எங்கள் மகன் டோபியை அடக்கம் செய்த அன்று, தேவாலயத்துக்கு எதிரே சாலையின் அந்தப் பக்கம் ஏழு பேர் பலகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கிருந்தோ வேனில் வந்தவர்கள். எங்கள் பிள்ளையை அவர்களுக்குத் தெரியாது. போரில் செத்த எந்தப் பிள்ளையின் அடக்கமென்றாலும் வந்துவிடுவார்கள். நாடு செய்த பாவத்துக்குக் கடவுள் கொடுக்கும் தண்டனையாம். ‘இந்தச் சாவுக்கு நன்றி, ஆண்டவரே’ என்றது ஒரு பலகை. அதைப் பிடித்திருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இருபது வருடமாகிறது, நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வழக்குப் போட்டோம். நெப்ராஸ்காவில் எங்களுடையது சின்ன ஊர். ஊரே எங்கள் பக்கம் நின்றது. சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கோடு யாராவது வந்து, “விட்டுடாதீங்க ஆர்லின்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்ததில்லை.

எங்கள் வக்கீல் மாக்சின் முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டாள்.

“பாருங்க, அவங்க நின்னது பொது ரோடு. வாயை மூடுன்னு சட்டம் லேசுல சொல்லாது. அவங்களால உங்க மனசு எவ்வளவு நொந்துச்சுன்னு நாமதான் காட்டணும். பிள்ளை போன துக்கம் வேற, பலகையால வந்த வேதனை வேற. பிரிச்சுக் காட்டணும்.”

“அதை எப்படிங்க பிரிக்கிறது?” என்றார் என் கணவர் லீராய்.

ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். “தினமும் எழுதுங்க. எதிர்த்தரப்பு கேட்டா இதைக் குடுத்தாகணும். அதனால உள்ளதை மட்டும் எழுதுங்க.”

நான் காபி குடித்த கையோடு எழுதுவேன். லீராய் கொட்டகையில் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுவார். அவர் நோட்டை நான் பார்த்ததில்லை, என்னுடையதை அவரும் பார்த்ததில்லை.

சில மாதம் கழித்து மாக்சின் இரண்டையும் படித்தாள். “ஆர்லின், உங்க நோட்டு தங்கம்” என்றாள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “லீராய், உங்க நோட்டுல பலகையைப் பத்தி ஒண்ணுமே இல்லையே. அவங்க இதைப் பிடிச்சுக்குவாங்க.”

லீராய் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். “எழுதத்தான் உட்காருறேன்” என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரில் நான் அவரை விடவில்லை.

“ஒரு வரி எழுதினா கை தேஞ்சா போயிடும்? அவ சிரிச்சதை நீயும் பார்த்தல்ல?”

“பார்த்தேன்.”

“அப்புறம் என்ன? நாம ஜெயிக்க வேண்டாமா?”

ரோட்டைப் பார்த்தே ஓட்டிக்கொண்டு வந்தார், கல்லுளிமங்கன். லீராய் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. பக்கத்தில் உட்காரவைத்துத் திட்டுவதற்கு அன்றைக்கு ஒரு ஆளாவது இருந்தது.

விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் லீராயின் நோட்டோடு எழுந்தான். சின்ன வயது, தன்மையான பேச்சு. கோபப்படக்கூட இடம் கொடுக்கவில்லை, படுபாவி.

“மார்ச் மூணாம் தேதி நீங்க எழுதினதைப் படிக்கிறேன் சார். ‘பதினோரு வயசுல கண்காட்சியில டோபி வளர்த்த ஆடு ஏலம் போச்சு. ஆகஸ்ட் வெயில். வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி ஆட்டுக்குத் தன் சட்டையைப் போர்த்திவிட்டான். போற வழியில குளிரும்னான்.’”

பக்கத்தைத் திருப்பினான். “‘பிக்கப்பைப் பள்ளத்துல விட்டது டோபிதான். அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பான்னு கெஞ்சினான். ஆறு வருஷமா ஆர்லின் என்னைத் திட்டுறா. திட்டட்டும்.’”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அறை முழுவதும் சிரித்தது. நீதிபதி குனிந்துகொண்டார். ‘கண்ணு பொடனியிலயா இருக்கு?’ என்று நான் கேட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. லீராயின் காது சிவந்திருந்தது. அந்த ஒரு நிமிடம் டோபி உள்ளே நடந்து வந்ததுபோல இருந்தது எனக்கு.

சிரிப்பு அடங்கும்வரை வக்கீல் காத்திருந்தான். “நூத்திப் பத்து பக்கம். ஒரு பக்கத்துலயாவது என் கட்சிக்காரங்க பலகை இருக்கா சார்?”

“இல்ல.”

“அப்ப அதனால உங்களுக்குப் பெரிய வேதனை இல்லன்னு எடுத்துக்கலாமா?”

“எழுத உட்கார்ந்தா அவன்தான் வர்றான் தம்பி. அவன் வந்திருக்கும்போது அவங்களை எதுக்கு வீட்டுக்குள்ள விடணும்?”

தோற்றோம். நோட்டு மட்டும் காரணமில்லை. சொல் எவ்வளவு கொடூரமாக இருந்தாலும், பொது விஷயத்தைப் பற்றிப் பொது இடத்தில் நின்று பேசியதற்குத் தண்டிக்க முடியாது என்றார் நீதிபதி. யோசித்துப் பார்த்தால் அது சரிதான் என்று மாக்சினே சொன்னாள். சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பிடிக்க வேண்டுமென்று கட்டாயமா என்ன?

அடுத்த வசந்தத்தில் நோட்டுகள் இரண்டும் தபாலில் திரும்பி வந்தன. லீராயுடையதைச் சமையல் மேசையில் வைத்து ஒரே மூச்சில் படித்தேன். சிரித்தேன், அழுதேன், மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அப்புறம் என்னுடையதைத் திறந்தேன். தேதி போட்டு, அழகான கையெழுத்தில் நூற்றிருபது பக்கம். ஏழு பேரின் முகம், கோட்டின் நிறம், பலகைகளில் இருந்த ஒவ்வொரு எழுத்தும். டோபியின் பெயரைத் தேடிக்கொண்டே போனேன். முதல் பக்கத்தில் வழக்கு எண்ணுக்குக் கீழே, ‘இறந்தவர்’ என்ற இடத்தில் மட்டும் இருந்தது. அதுவும் மாக்சின் எழுதியது.