பொத்தானை அழுத்துவதற்கு முன்

அன்று நாங்கள் ஏறி இறங்கிய பதினோராவது ட்ரெய்லர் அது. துல்சாவுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது அந்த விற்பனை மைதானம். வெள்ளை வெள்ளையாக ட்ரெய்லர்கள் வரிசையில் நின்றன. ஆகஸ்ட் வெயிலில் சரளைக்கல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. எங்கள் பிக்கப் வண்டியின் எஞ்சினைக் காலையிலிருந்து அணைக்கவில்லை. உள்ளே ஏசி காற்றில் இரண்டு நாய்களும் ஒரு பூனையும் இருந்தன.

சனிக்கிழமை. வியாழக்கிழமை என் புருஷன் டெரல் வயோமிங்கில் இருக்க வேண்டும். அவன் வெல்டர். எரிவாயுக் குழாய் எங்கே போகிறதோ அங்கே நாங்களும் போவோம். கல்யாணமாகி ஏழு வருடங்களாக ட்ரெய்லர்தான் வீடு. பழையதன் தரை ஊறிப் போய்விட்டதால் அதை விற்றாயிற்று. வாங்கியவர் நாளை மாலை வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

"அம்மா, உச்சா வருது" என்றான் கோல்பி. அவனுக்கு மூன்று வயது.

"இங்க வேணாம் மேம்" என்றார் வெர்ன், விற்பனைக்காரர். அறுபது வயது இருக்கும். வைக்கோல் தொப்பி, வாயில் பல்குச்சி. "டாய்லெட்டுக்குத் தண்ணி கனெக்‌ஷன் குடுக்கல. ஆபீஸ்ல போகலாம்."

ஆபீஸ் மைதானத்தின் மறு மூலையில் இருந்தது. இரண்டு முறை போய் வந்துவிட்டோம். இரண்டு முறையும் அங்கே போனதும் அவனுக்கு வரவில்லை.

டெரல் கையில் அளவு நாடாவோடு சமையல் மேடைக்கும் சோபாவுக்கும் நடுவே குனிந்திருந்தான். நாங்கள் தேடியது பிக்கப்பின் பின்தொட்டிக்குள்ளேயே கொக்கி வைத்து இழுக்கும் வகை. ஃபிஃப்த் வீல் என்பார்கள். ட்ரெய்லரின் மூக்கு வண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இழுப்பது ஒரு கணக்கு, முதுகு தாங்குவது இன்னொரு கணக்கு.

இரண்டில் ஒன்று என்று சுருக்கியிருந்தோம். ஒன்று இது, முப்பத்துமூன்று அடி. பின்னால் குழந்தைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, முன்னால் மூன்று படி ஏறினால் எங்கள் அறை. மற்றது நாற்பத்தோரு அடி. அதில் நடுவில் ஒரு சின்ன அறை கூடுதலாக இருந்தது. எனக்கு அந்த நடு அறை வேண்டும்.

"நடு ரூம் எதுக்கு மார்லா?" என்று டெரல் காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கேட்டான்.

"நாய்ங்களுக்கு."

"பிஸ்கட் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் தூங்குது. அதுக்குத் தனி ரூமா?"

"டீசல் இருக்கே."

"டீசலுக்குத் தனி ரூம் குடுத்தா கதவைத் தின்னுடும்."

"எங்க இன்னொரு கஸ்டமர் பன்னி வளர்க்கிறாங்க" என்றார் வெர்ன். "பன்னிக்கே அந்த நடு ரூம்தான். மேம் சொல்றது சரிதான், தம்பி."

நான் ஒன்பது வாரக் கர்ப்பம். யாரிடமும் சொல்லவில்லை. கோல்பி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் டெரல் சொல்லியிருந்தான்: இன்னொன்று வந்தால் ரோட்டில் முடியாது, லஃப்கினில் அவன் அம்மாவின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் நானும் குழந்தைகளும் இருந்துகொள்ள வேண்டும், அவன் வந்து வந்து போவான். கோபமாகச் சொல்லவில்லை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னான். ட்ரெய்லர் முகாம்களில் என்னோடு காப்பி குடித்த நாலு பெண்கள் அப்படித்தான் போனார்கள். ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை போன் வரும். பிறகு அவர்கள் புருஷன்மார் வந்து வந்து போவதும் குறைந்துவிடும்.

எனவே முதலில் இடத்தைப் பிடித்துவிட வேண்டும், விஷயத்தைப் பிறகு சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

டெரல் இறங்கிப் போய் வண்டியின் டிரைவர் கதவைத் திறந்து, அதன் விளிம்பில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்தான். வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் இருக்கும். மூவாயிரத்து அறுநூறு பவுண்டு.

"உங்க வண்டி பெருசையும் சும்மா இழுக்கும் தம்பி" என்றார் வெர்ன்.

"இழுக்கும் சார். சுமக்குமா?"

வெர்ன் பல்குச்சியை வாயின் மறுபக்கத்துக்குத் தள்ளினார்.

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பெரியதில் சாமான் ஏற்றினால் அதன் மூக்கே மூவாயிரத்து முந்நூறு பவுண்டு அழுத்தும். அதற்கு மேல் நாங்கள், நாய்கள், கொக்கி, டெரலின் கருவிப்பெட்டி. சந்தேகமில்லாமல் அதிகம். வயோமிங் மலைச் சரிவில் அது வேலைக்காகாது. சின்னதைக் கூட்டினால் நூற்று அறுபத்தெட்டு பவுண்டு மிச்சம் இருந்தது. எடையில் குழந்தைக்கு இடம் உண்டு. படுக்கத்தான் இடமில்லை.

கணக்கு எனக்கு எதிராக இருந்தது. தப்பான கணக்கைச் சொல்லி அவனை மாற்றவும் என்னால் முடியாது.

"சின்னதுதான்" என்றான் டெரல், திரும்பி வந்து. "கடைசியா ஒண்ணு பாக்கணும். ஸ்லைடை உள்ள இழுத்துப் பாக்கணும்."

ஸ்லைடு என்பது சுவரோடு வெளியே நகர்ந்து போகும் பகுதி. நிற்கும் ஊரில் வெளியே தள்ளினால் வீடு அகலமாகும். பயணத்தில் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இந்த ட்ரெய்லரில் சோபாவும் சாப்பாட்டு மேசையும் அதன் மேல்தான் இருந்தன.

"வழியில லாரிங்க நிக்கிற இடத்துலதான் படுப்போம்" என்று அவன் வெர்னிடம் சொன்னான். "ஸ்லைடைத் திறக்க இடம் கிடைக்காது. அப்பவும் பாத்ரூமுக்குப் போக முடியணும்."

"இதைக் கேக்குறவங்கதான் நெஜமாவே உள்ள குடியிருக்கிறவங்க" என்றார் வெர்ன்.

"எல்லாரையும் கூட்டிட்டு வரேன். நாய், பூனை எல்லாம்."

"நாயுமா?"

"அதுங்களும்தானே குடியிருக்கப் போகுது."

பிஸ்கட் வந்ததும் சமையல் மேடை அடியில் பொத்தென்று படுத்தது. டீசல் மூன்று சுற்றுச் சுற்றி வெர்னின் பூட்ஸை முகர்ந்தது. பூனை பிக்கிள்ஸை நான் தோளில் வைத்திருந்தேன். கோல்பி கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். ஆறு வயது டெஸ் மேல் படுக்கையில் ஏறி, இது என்னுடையது என்று அறிவித்துவிட்டு இறங்கி வந்தாள். உள்ளே மூச்சு முட்டியது.

டெரல் கதவருகே இருந்த பலகையில் பொத்தான் மேல் விரலை வைத்தான். அழுத்தவில்லை. என்னைப் பார்த்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்லைடு நகர்வதற்கு முன் நான் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவேன். மனிதர்கள் தாங்களே பதில் சொல்ல வேண்டும். நாய்களுக்கு டெஸ் பதில் சொல்வாள், பூனைக்கு நான். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். கடைசியில் நான் எண்ணிக்கையைச் சொன்ன பிறகே பொத்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்களுக்கு வில்லி என்று ஒரு பூனை இருந்தது. அர்கான்சாவில் ஒரு மழை நாள், அவசரமாகக் கிளம்பினோம். "வில்லி எங்க?" என்று டெரல் கேட்டான். "இருக்கு, கட்டில்ல" என்றேன். நான் பார்க்கவில்லை. வழக்கமாக அங்கேதான் இருக்கும் என்பதால் சொன்னேன். அது ஸ்லைடின் அடியில் இருந்தது. அன்றைக்குப் பிறகு வந்தது இந்த வழக்கம். டெரல் அதற்காக என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"டெரல்?"

"இருக்கேன்."

"டெஸ்?"

"இருக்கேன்!"

"கோல்பி?"

"உச்சா."

"கோல்பி, ஒழுங்கா சொல்லுடா" என்றாள் டெஸ்.

"இருக்கேன். உச்சா."

"பிஸ்கட்?"

"இருக்கு. அசிங்கமா மூச்சு விடுது."

"டீசல்?"

"இருக்கு."

"பிக்கிள்ஸ் இருக்கு. நான் இருக்கேன்" என்றேன். "எட்டு."

மூன்று வாரமாக மனதுக்குள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். வாயிலும் அதுவே வந்துவிட்டது.

டெரலின் விரல் பொத்தானிலிருந்து விலகியது. "என்ன சொன்ன?"

"ஏழும்மா" என்று டெஸ் விரல்களை மடக்கினாள். "நாம நாலு, நாய் ரெண்டு, பூனை ஒண்ணு."

"எட்டுன்னா?" டெரலின் முகம் மாறிவிட்டது. "வேற ஏதாவது உள்ள வந்துச்சா? பூனை ஏதாச்சும் ஓடினதைப் பாத்தியா?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் தரையில் மல்லாந்து சோபாவின் அடியில் தலையை விட்டிருந்தான். வெர்னும் முட்டி போட்டார். "இந்த மைதானத்துல ஒரு செவப்புப் பூனை சுத்திக்கிட்டு இருக்கு" என்றார். டீசல் இருவருக்கும் நடுவில் புகுந்து குரைத்தது. வெர்ன் ஒரு பழைய சாக்ஸை வெளியே இழுத்தார்.

"வாலு!" என்று கத்தினான் கோல்பி.

"சாக்ஸுடா அது" என்றாள் டெஸ்.

வெர்ன் மெல்ல எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். பிறகு நெற்றியில் கை வைத்துச் சிரித்தார். "அடக் கடவுளே. என்னையும் சேத்து எண்ணியிருக்கீங்க மேம்! ஏழும் ஒண்ணும் எட்டு. நான்தான் அந்த எட்டு!"

டெரல் தரையிலிருந்தே சிரித்தான். நிம்மதிச் சிரிப்பு. முதுகெல்லாம் தூசு. "எனக்கு உசுரே போயிடுச்சு மார்லா" என்று எழுந்து பொத்தானிடம் போனான்.

சும்மா இருந்திருந்தால் போதும். சிரித்தாலே போதும். ஸ்லைடு உள்ளே வந்திருக்கும், வெளியே போயிருக்கும், கையெழுத்துப் போட்டிருப்போம்.

"உங்கள எண்ணல சார்" என்றேன்.

டெரல் திரும்பினான்.

"எட்டுதான்" என்றேன்.

முதலில் புரிந்துகொண்டவர் வெர்ன். பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "தம்பி கோல்பி, நாம ரெண்டு பேரும் ஆபீஸுக்குப் போய்ட்டு வருவமா? கார்ட் வண்டியில போகலாம்" என்று அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஹாரனை நான்தான் அடிப்பேன் என்று டெஸ்ஸும் பின்னால் ஓடினாள்.

டெரல் மேசை நாற்காலியில் உட்கார்ந்தான். "எத்தனை நாளா?"

"ஒம்பது வாரம்."

"அதுக்குத்தான் நடு ரூமா?"

"ஆமா."

"பாவம் பிஸ்கட். அதும் பேர்ல பழியப் போட்டுட்ட."

நான் சிரிக்கவில்லை. "லஃப்கினுக்கு நான் போகமாட்டேன் டெரல்."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது, தொடர்ந்து மூன்று முறை. அவன் அளவு நாடாவை இழுத்து விட்டான், இழுத்து விட்டான். அது ஒவ்வொரு முறையும் டக் என்று உள்ளே போனது.

"குழந்தைய எங்க போடுவ? இழுப்பறையிலயா?"

"வா, காட்டுறேன்."

மூன்று படி ஏறினோம். எங்கள் அறையில் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பொந்து இருந்தது. துணி துவைக்கும் மெஷினுக்கென்று குழாயெல்லாம் வைத்து விட்டிருந்தார்கள். ஏழு வருடங்களாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சில்லறையோடு முகாம் லாண்ட்ரியில் வரிசையில் நிற்காமல் இருக்க.

டெரல் குனிந்து அளந்தான். "இருபத்தெட்டு அங்குலம். ஒரு குட்டித் தொட்டில் போகும்." பிறகு என்னைப் பார்த்தான். "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வாஷர் இல்லாமயா? உனக்கென்ன பைத்தியமா?"

"வாஷர் நூத்தியம்பது பவுண்டு. குழந்தை எட்டு பவுண்டு."

"இப்ப எட்டு. அது வளராதா?"

"வளரும். அப்ப வேற ட்ரெய்லர் பாப்போம்."

"கடவுளே, இன்னும் பதினொண்ணா?" என்றான். நாடாவை இடுப்பில் மாட்டிக்கொண்டு அந்தப் பொந்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். "ஒரு வருஷம் பாக்கலாம். முடியலன்னா முடியலன்னு நீதான் சொல்லணும். மறைக்கக் கூடாது."

"சரி."

குழந்தைகள் திரும்பி வந்தார்கள். கோல்பியின் பேன்ட் நனைந்திருந்தது. வெர்ன் அதைப் பற்றிப் பேசாமல் கதவருகே வெளியிலேயே நின்றுகொண்டார். ஸ்லைடை இன்னும் பார்க்கவில்லை. அது உள்ளே வந்தால் பாத்ரூம் கதவு பாதிதான் திறக்குமோ என்னவோ. அதைப் பார்த்தாக வேண்டும்.

நான் மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டேன். எல்லாருக்கும் பதில் வந்தது. கோல்பி இந்த முறை "இருக்கேன்" மட்டும் சொன்னான். ஏழு ஆனதும் நிறுத்தினேன்.

டெரல் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"இன்னொண்ணு?" என்றான்.

கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது வழக்கம்.

"இருக்கு" என்றேன்.