கேக் மாஸ்டரின் விரல்நுனி

1

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்தது ஒரு பழியிலிருந்து நழுவுவதற்காக. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மட்டமாக நினைக்க வேண்டாம்.

முதல் தொடக்கம்: அந்த பேக்கரியில் பதினெட்டு வருடம் கேக் மாஸ்டராக இருந்தவருக்குச் சர்க்கரை நோய் வந்தபோது ஊரே சிரித்...

(அடித்துவிட்டேன். ஊர் சிரிக்கவில்லை. சிரித்தது அவர் மட்டும்தான். இத்தனை வருஷம் சர்க்கரையோடு குடித்தனம் நடத்தினால் அது வீடு வரைக்கும் வராதா என்றார்.)

இரண்டாவது தொடக்கம் பரவாயில்லை: டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நடக்கச் சொன்னார், சாப்பாட்டில் கவனமாக இருக்கச் சொன்னார். மற்றதை மனைவி பார்த்துக்கொண்டாள்.

இந்த மனைவியை நம்பாதீர்கள்.

2

மனைவி என்ன செய்தாள்? காலையில் வெறும் வயிற்றில் வெந்தயம் ஊறிய தண்ணீர். கையோடு எடுத்துப்போக பாட்டிலில் பாகற்காய்ச் சாறு. பஸ் கிடையாது, கடைக்கு நாற்பது நிமிட நடை. எல்லாம் நல்ல காரியங்கள்தான்.

சுகர் பார்க்கிற மிஷின் கடையில் அவருடைய அலமாரியில் இருந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் கேக்கின் மேல் பூ போட்டுக்கொண்டிருப்பார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, விரலைக் குத்தி, வந்த எண்ணைப் போனில் சொல்வார். அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

இருநூற்று எழுபது. இருநூற்றுத் தொண்ணூறு.

எண் ஏற ஏற அவள் அவருடைய தட்டில் கை வைத்தாள். சோறு பாதியானது, ரொட்டி நின்றது, ராத்திரிச் சாப்பாடு ஒரு கிண்ணம் காய்கறியானது. அவர் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார்.*

* இவ்வளவு குறைத்தும் எண் ஏன் இறங்கவில்லை, அவளுக்குச் சந்தேகமே வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. அவர் கடையில் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று வந்தது. வாய்விட்டுக் கேட்கவும் செய்தாள். சத்தியமாக ஒரு துணுக்குக்கூடத் தொடவில்லை என்றார். அவள் நம்பவில்லை.

3

அவள் அவள் என்று எழுதுவது சௌகரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்து வருவதை அப்படி எழுத முடியவில்லை. அந்த மனைவி நான்தான்.

4

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அன்று பதினோரு மணிக்குக் கடைக்குப் போனேன்.

ஒரு பெரிய ஆர்டர் கேக்கின் முன்னால் நின்றிருந்தார். பூ கோணலாக விழுந்துகொண்டிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னை யாரோ என்பதுபோலப் பார்த்துவிட்டு, மேஜையைப் பிடித்தபடியே மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

கல்லாவில் இருக்கும் அக்கா ஓடிவந்தார். அவருடைய வீட்டுக்காரருக்கும் இதே நோய். பார்த்த மாத்திரத்தில் தம்ளரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்க்கா, குடுக்காதீங்க. இப்பதான் முந்நூத்திப் பத்துன்னு போன்ல சொன்னாரு."

[இந்த வாக்கியத்தை நான்கு வரைவுகளில் எழுதாமல் விட்டேன். ஐந்தாவதில் வைத்திருக்கிறேன்.]

அக்கா என்னை விலக்கிவிட்டு அவர் கையை விரித்துப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் ஐசிங் சர்க்கரை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, விரலைக் குத்தினார். நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது.

"கையில ஒட்டியிருந்த சர்க்கரையைத்தான் இத்தனை நாளா அளந்திருக்கீங்கம்மா."

தம்ளரை வாங்கி நானே அவருக்குப் புகட்டினேன். கொஞ்ச நேரத்தில் பார்வை தெளிந்தது, என்னை அடையாளம் தெரிந்தது. தெரிந்ததும் பயந்துபோய்ச் சொன்னார்:

"இனிக்குதே... நானா எடுத்துக் குடிக்கலைம்மா."

5

டாக்டர் திட்டவில்லை. நடை இருக்கட்டும், வெந்தயமும் இருக்கட்டும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போடக் கூடாது என்றார். தன்னைக் கேட்காமல் எதையும் குறைக்க வேண்டாம், கையைக் கழுவாமல் மிஷினைத் தொட வேண்டாம் என்றார்.

இனி முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

சர்க்கரை கட்டுக்குள் வந்தது, இருவரும் தினமும் சேர்ந்து நடந்தார்கள். (நடக்கிறோம்தான். ஆனால் டாக்டர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படம் மாதிரி இருக்கிறது.)

மனைவி மன்னிப்புக் கேட்டாள், கணவன் அவள் கையை... (கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் கதை எதற்கு?)

நிஜம் வேறு. அன்றிலிருந்து அவருக்குப் பரிமாற எனக்குக் கை வரவில்லை. கூடிவிடுமோ, குறைந்துவிடுமோ என்று பயம். பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுகிறேன். அவர் தனியாகச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்.

இன்று இந்த வரைவை இதுவரை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தார். பூ கோணிய விஷயத்தை மட்டும் எடுத்துவிடக் கூடாதா என்று கேட்டார். பிறகு போய் மேஜையில் உட்கார்ந்து, காலித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ போடு. நீ போட்டாத்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கு."

மணி ஒன்று. அவர் காத்திருக்கிறார். ஒரு கரண்டியா, ஒன்றரையா? மீதிக் கதை அவ்வளவுதான், அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தட்டுக்கு ஒரு கை, கரண்டிக்கு ஒரு கை வேண்டும், நான் பேனாவைக் கீழே வைக்கிறேன்.