பச்சைப் படகின் வெள்ளோட்டம்

குளத்தில் விடுவதற்கென்றே செய்த பொம்மைப் பாய்மரப் படகுகளைத் தண்ணீரையே காட்டாமல் வளர்ப்பவன் நான். எல்லாம் என் அப்பா பிறப்பதற்கு முந்தியவை. அலமாரியில் குடியேறி, சோபாவுக்குப் பரவி, கடைசியில் கட்டிலில் என் மனைவியின் பக்கத்தையும் பிடித்துக்கொண்டன. பாய் விரித்தது படகுகள் மட்டுமில்லை, ஹாலில் அவளும்தான்.

ஒருநாள் பையைக் கட்டிவிட்டாள். அக்கா வீட்டுக்கு.

"எப்ப வருவே?"

"வந்தா எங்கே படுக்கிறது?"

கெஞ்சினேன். வாசல்வரை போனவள் நின்றாள்.

"இத்தனை வச்சிருக்கீங்களே, ஒண்ணாவது ஓடுமா?"

"ஓடுமாவா? பச்சைப் படகு பறக்கும்!"

"அப்ப சாயங்காலம் பூங்காக் குளத்துல விடுங்க. நான் அந்தக் கரையில பையோட நிக்கிறேன். என்கிட்ட வந்து சேந்துச்சுன்னா, படகும் நானும் வீட்டுக்கு வர்றோம்."

அலமாரியில் காய்ந்த மரப்படகைத் தொட்டியில் ஊறப்போட்டுத்தான் குளத்தில் விட வேண்டும். மரம் உப்பி, பலகை இடுக்குகள் மூடிக்கொள்ளும். படகு சேர்க்கிற எவனுக்கும் இது தெரியும். ஊறினால் பழைய பெயின்ட் உரிந்துவிடும், அப்புறம் எவனும் அதை மதிக்கமாட்டான் என்பதும் தெரியும். நான் ஊறப்போடவில்லை. இக்கரையிலிருந்து அக்கரை, அதற்குள் என்ன குடிமுழுகிவிடப்போகிறது?

பாயையும் சுக்கானையும் சரிபண்ணிக் கையை எடுத்துவிட்டால், அப்புறம் காற்று விட்ட வழி. காற்று நல்லபடிதான் விட்டது. படகு ஒருக்களித்துச் சாய்ந்து ஒய்யாரமாகப் போயிற்று. அக்கரையில் அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். கல்யாணமான புதிதில் என் ஜோக்குகளுக்கெல்லாம் அப்படித் தட்டியவள்தான்.

அவளை நெருங்கும்போது படகு கனத்தது. மூக்கு தாழ்ந்தது. அவள் யோசிக்கவேயில்லை, செருப்போடு இறங்கிவிட்டாள். முழங்கால்வரை தண்ணீரில் நின்று கையை நீட்டினாள்.

"பாயைப் பிடிக்காதே! பழைய துணி, கிழிஞ்சிடும்!" என்று கத்தினேன்.

என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

நீட்டிய கை நின்றது.

"சரிங்க, பிடிக்கலை."

சின்னக் குளம். நன்றாகவே கேட்டது. படகு அவள் கண்ணெதிரே முங்கியது. அவள் கரையேறிப் பையை எடுத்துக்கொண்டாள்.

குளத்தைச் சுற்றி ஓடினேன். தொப்பை முன்னால் போயிற்று, நான் பின்னால். பஸ் ஸ்டாப்பில் அவள் ஈரச் செருப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

"படகு?"

"கிடக்கட்டும். நீ வா."

"நான் பஸ் ஏறினதும் போய் எடுப்பீங்க."

"மாட்டேன்மா. சத்தியமா."

"எடுங்க. அடியில சேறு, பாத்து இறங்குங்க."

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வளைவில் மறையும்வரை கையாட்டினேன். மறைந்த பிறகும் கொஞ்சம் ஆட்டினேன், ஒரு மரியாதைக்கு.

அப்புறம் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு குளத்தில் இறங்கினேன்.