நான்சி உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

"மாதாவுக்கு நேந்தத மொதல்ல குடுத்துட்டு, அப்புறம் ஒங்க கோட்டையப் பாருங்கன்னேன். கேட்டீங்களா?"

"கோட்டையச் சாயங்காலம் சாத்திருவாங்க மேரி. மாதா எங்கிட்டும் போயிர மாட்டாங்க."

தரங்கம்பாடிக்குள் நுழையும்போது பின்சீட்டில் அக்கா வியாகுலமேரியும் அத்தான் மைக்கேல்சாமியும் இப்படித்தான் மோதிக்கொண்டிருந்தார்கள். இலுப்பூரிலிருந்து கார் ஓட்டி வந்தவன் நான். அத்தான் வரலாற்று வாத்தியார். பழைய கட்டடம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அக்காவுக்கு வேளாங்கண்ணிதான் முக்கியம். மகள் நான்சிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, பிழைத்தால் அவள் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்திருந்தார். ஆவூர் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த அந்தத் திரி, முன்சீட்டில் நான்சி மடியிலிருந்து பின்சீட்டு வரை நீண்டு கிடந்தது.

காரில் வைத்தால் உருகிவிடும் என்று அக்கா அதைத் தோளில் சாத்திக்கொண்டே டேனிஷ் கோட்டைக்குள் வந்தார்.

"என்னம்மா இது, பீரங்கிக்கா?" என்றார் வாசலில் நின்றவர்.

"ஆமா. மொதல்ல இவரத்தான் சுடணும்."

அத்தான் காதில் விழாத மாதிரி ஒவ்வொரு பீரங்கியாகத் தடவிக்கொண்டே போனார். வெயில் ஏறியது. அடுத்து புதிய எருசலேம் ஆலயம். அக்கா உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏங்க, மாதா சுரூபம் எங்கிட்டு இருக்கு?"

"இது லுத்தரன் கோயில். இங்கிட்டு வைக்க மாட்டாங்க."

"மாதா இல்லாத கோயிலுக்கா என்னைய இம்புட்டு வெயில்ல..."

"அம்மா, திரியப் பாரு!" என்று கத்தினாள் நான்சி.

திரி வில்லாக வளைந்திருந்தது. அத்தான் முகம் விழுந்துவிட்டது. "கவர்னர் பங்களா வேணாம். வண்டிய எடு மாப்ள" என்றார்.

வேளாங்கண்ணியில் நிமிர்த்தப் பார்த்தோம். ஒடிந்துவிடும் போலிருந்தது. நான்சி பக்கத்தில் வைத்தால் தோள் வரைதான் வந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அளவு கொறஞ்சுபோச்சே."

நான்சி சட்டென்று திரி மாதிரியே முதுகை வளைத்து நின்றாள். "இப்பப் பாரும்மா. சரியா இருக்கா?"

அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு ஏற்றிவிட்டோம்.

ஆனால் திரும்பும் வழியில் மறுபடி ஆரம்பம்.

"அடுத்த மாசம் புதுத் திரி. நேரா வேளாங்கண்ணி."

"மெழுகு கொறயலையே மேரி, வளஞ்சிருக்கு, அம்புட்டுத்தானே? நேர்ச்ச தீந்துபோச்சு."

என்னைக் கேட்டார்கள். வண்டி ஓட்டுகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். நேர்ச்சை செலுத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இது செல்லுமா, இன்னொரு திரி வேண்டுமா? கமெண்டில் எழுதுங்கள். அக்காவிடம் அப்படியே வாசித்துக் காட்டுகிறேன்.