அடிக்கட்டையின் துளைகள்

வாசல் கேட் அருகேதான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு வேலை முடிந்து அவள் வரும்போது, அவன் கிடங்கு வேலைக்கு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருப்பான். மாலையில் அவன் திரும்பும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். சாவி கை மாறும். கேஸ் தீர்ந்தது, மாத்திரை வைத்த இடம், எல்லாப் பேச்சும் அதற்குள் முடியவேண்டும்.

மாடி வீட்டு அக்கா மேலிருந்து பார்ப்பாள். "நீங்க புருஷன் பொண்டாட்டியா, ரெண்டு வாட்ச்மேனா?"

முன்வாசல் மரத்தைப் போன கோடையில் வெட்டினார்கள். வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து குளியலறை அடைத்துக்கொண்டது. வெட்ட வந்தவர்கள் முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். அதைத் தோண்டி எடுக்க இருவருக்குமே தெம்பு இல்லை.

"அதுல பூச்செடி வைக்கலாம்ங்க," என்று ஒரு காலையில் அவள் சொன்னாள்.

அவன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தான். "ம்," என்றான்.

சில வாரம் கழித்து, வேலைக்குக் கிளம்பும்போது கட்டையின் தலையில் துளைகளைப் பார்த்தாள். தன் விடுமுறை நாளில், அவள் தூங்கும்போது, கிடங்கிலிருந்து ட்ரில் வாங்கி வந்து போட்டிருக்கிறான். ஆழமான துளைகள். தண்ணீர் வடிய. அவள் சொன்ன ஒன்றை அவன் காதில் வாங்கிச் செய்து வெகுகாலம் ஆகிவிட்டது. அன்று இரவு ஈரத்துணி மூட்டைகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் கனத்தன.

மறுநாள் காலை சாவி வாங்கும்போது சொன்னாள். "ஓட்டை பாத்தேங்க. நல்லா போட்டிருக்கீங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான்.

தினமும் தூங்கப்போகும் முன் அவள் உளியை வைத்துக் கட்டையின் நடுவைக் குடைந்தாள். குழி விழுந்ததும் மண் போட்டுச் செடி வைத்தாள். இலை நுனி கருகிச் செத்தது. வேறு செடி வைத்தாள். அதுவும் போயிற்று. ஒவ்வொரு காலையும் மண் சொதசொதவென்று இருந்தது.

"தண்ணிய அளவா ஊத்துங்க. வேர் அழுகுது."

"ம்," என்றான். மறுநாளும் மண் சொதசொதவென்றுதான் இருந்தது.

அவளுடைய வார விடுமுறையன்று மதியம் கருகியதைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மாடி வீட்டு அக்கா கீழே வந்தாள்.

"உப்பு போட்ட கட்டையில செடி எப்படிம்மா வரும்?"

"யாரு உப்பு போட்டா?"

"உன் வீட்டுக்காரர்தான். ஓட்டை போட்ட அன்னிக்கே பாக்கெட் பாக்கெட்டா கொட்டினாரே. நீ உள்ள தூங்கிட்டிருந்த."

அவள் கையிலிருந்த செடியைப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்தாள். மாலைவரை எழுந்திருக்கவில்லை.

அவன் வந்தான். அவளுக்கு விடுமுறை என்பது அவனுக்கு நினைவில்லை போலும். மூட்டை தூக்கும்போது கட்டும் இடுப்புப் பட்டையைக் கழற்றி ஸ்கூட்டரில் போட்டுவிட்டு நேரே குழாயடிக்குப் போய் வாளியை நிரப்பினான். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாளியைத் தூக்கிக் கட்டையருகே வந்தபோதுதான் அவளைக் கண்டான்.

"அந்த ஓட்டை எதுக்கு போட்டீங்க?"

வாளியைக் கீழே வைத்தான். "அக்கா சொல்லிட்டாங்களா?"

"நான் உங்களக் கேக்குறேன்."

"வேர் சாகட்டும்னு. திரும்பக் குழாய்க்குள்ள வந்துடுமேன்னு."

"நான் செடி வைக்கலாம்னு சொன்னது?"

"காதுல விழல."

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டும்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல. எத்தனை செடி செத்துச்சு."

"நல்லா போட்டிருக்கீங்கன்னு சொன்னியே." அவன் கட்டையைப் பார்த்தான். "நீ அப்படி ஒரு வார்த்தை சொல்லி எவ்வளவு நாளாச்சு. சொல்ல வாய் வரல."

"இந்தத் தண்ணி?"

"உப்பு கழுவுறேன். நீ போனப்புறம், தினமும்."

"போயிடுமா?"

"போயிடும்னு நெனச்சேன்."

மேலிருந்து குரல் வந்தது. "என்ன, இன்னிக்கு ரெண்டு வாட்ச்மேனுக்கும் ஒரே ஷிஃப்டா?"

இருவரும் நிமிரவில்லை.

அவள் உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கைப்பிடி உடைந்த பழைய பிளாஸ்டிக் வாளியும், அடுப்பில் காய்ச்சிய கம்பியும் கொண்டு வந்தாள்.

"இத குழிக்குள்ள இறக்கிட்டா மண்ணுல உப்பு படாது. அடியில ஓட்டை போடுங்க."

அவன் கம்பியை வாங்கினான்.

"எதுக்குன்னு கேளுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"தண்ணி வடியறதுக்கு."

"ம்," என்றான். இந்த முறை ஹெல்மெட் போட்டிருக்கவில்லை.

வாளி குழிக்குள் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. நிமிர்த்த இருவருமே குனியவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனார்கள்.