ஐம்பது கிலோ

ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் கையை அப்படியே நிறுத்தினாள். அடுத்த மூச்சு வரவில்லை. அவள் இருபது வருடமாக நர்ஸ். தாமதமாக வரும் மூச்சு எது, இனி வராத மூச்சு எது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்தாள். பிறகு கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அழுகையை முந்திக்கொண்டு இன்னொரு நினைப்பு வந்து நின்றது. நாலு மணிக்கு ஓட்டெடுப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் கூடத்தில் மில்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா நாடாளுமன்ற உறுப்பினர். பதினேழு வயதில் தானியச் சந்தையில் மூட்டை தூக்க ஆரம்பித்தவர். ஒவ்வொன்றும் தொண்ணூறு, நூறு கிலோ. முப்பத்தைந்து வயதில் இடுப்பு போயிற்று. மூட்டையைத் தூக்க முடியாமல் போகவே சங்கத்தைத் தூக்கினார். சங்கம் அவரைத் தூக்கி நாடாளுமன்றத்தில் உட்கார வைத்தது. அங்கேயும் நிம்மதியாக உட்கார முடியவில்லை, முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். முதல் நாளே பையில் மூட்டைக் கொக்கியோடு போய் வாசலில் மாட்டிக்கொண்டார். ஆயுதம் என்றார்கள் காவலர்கள். "இது இல்லாம உங்க கேன்டீனுக்கு ஒரு மூட்டை வந்திருக்குமாய்யா?" என்று கேட்டார் இவர். அன்றிலிருந்து தினமும் காலையில் கொக்கியை வாசலில் கொடுப்பதும் சாயங்காலம் வாங்கிக்கொள்வதுமாக இருபத்திரண்டு வருடம் அந்தக் கூத்து நடந்தது. அவையில் அவருக்குப் பெயரே 'மூட்டை'தான்.

அவருடைய சொந்த மசோதா ஒன்றே ஒன்று. ஒரு ஆள் தனியாகத் தூக்கும் மூட்டை ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு மேல் என்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும். அவ்வளவுதான், ஒரு பக்கம்கூட நிரம்பாது. மூன்று முறை கொண்டுவந்து மூன்று முறையும் மண்ணைக் கவ்வியது. முதல் முறை சபையே விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று முறையும் எழுந்து நின்று அதைக் கிழிகிழியென்று கிழித்தவர் எதிர்க்கட்சி மில்காரர். நாலு தானிய மில்லுக்குச் சொந்தக்காரர் வேறென்ன செய்வார்?

நாலாவது முறை இன்றைக்கு. அப்பா படுத்துவிட்டதால் மசோதாவை அவர் கட்சி உறுப்பினரான டீச்சர் அம்மா எடுத்துக்கொண்டிருந்தார். நேற்று போனில் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: "ஒரே ஒரு ஓட்டு கூட இருக்கும்மா. அதுவும் மில்காரர் வெளியில இருந்தாத்தான். சமமா வந்தா மசோதா விழுந்துடும்."

மில்காரர் வெளியில் இருப்பதற்குக் காரணம், அவையின் பழைய ஏற்பாடு ஒன்று. ஒருவர் உடம்புக்கு முடியாமல் ஓட்டுப்போட வர முடியாவிட்டால், எதிர்ப்பக்கம் ஒருவர் தானும் போடாமல் ஒதுங்கிக்கொள்வார். ஜோடி என்று அதற்குப் பெயர். எழுத்தில் கிடையாது, வாய்வார்த்தைதான். எலியும் பூனையுமான அந்த இருவரும் இருபது வருடமாக ஜோடி. ஆனால் ஜோடியில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால் மற்றவர் விடுதலை. யார் செத்தாலும் அன்றைய வேலை நிற்காது, இரங்கல் மறுநாள் காலையில்தான் என்பதும் அந்த அவையின் வழக்கம்.

அதாவது, இந்த அறையைத் தாண்டி விஷயம் போகாதவரை மசோதா பிழைக்கும்.

அம்மா பக்கத்து அறையில் இரண்டு நாளுக்குப் பிறகு இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். மகள் போர்வையை அப்பாவின் நெஞ்சுவரை இழுத்துவிட்டாள். முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

மில்காரர் நிமிர்ந்து பார்த்தார். எழுபது வயது, கனத்த உடம்பு, நாற்காலி நிறைய இருந்தார். காலையிலேயே வந்துவிட்டார். "வீட்ல இருந்தா போன் பண்ணியே உயிரை எடுப்பானுங்க. இங்கன்னா நோயாளியப் பாக்க வந்தேன்னு சொல்லிக்கலாம்" என்று சொல்லித்தான் உட்கார்ந்தார். எதிரே டிவியில் அவை நடந்துகொண்டிருந்தது.

"எப்படிம்மா இருக்கான்?"

"தூங்குறாரு சார்."

சொல்லிவிட்டாள். வாய் கூசவில்லை. முன்பெல்லாம் இவரை அவள் 'மில் மாமா' என்றுதான் கூப்பிடுவாள். அம்மா அவரை 'அண்ணா' என்பாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த மாமா 'சார்' ஆகிவிட்டார். மில்காரருக்கு அப்போது இருதய ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்பாவின் கட்சி ஆட்சிக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம், வாழ்வா சாவா என்கிற ஓட்டு; சமமாக வந்தாலே தீர்மானம் விழுந்துவிடும். கட்சித் தலைவரே கேன்டீனுக்கு நடந்துவந்து, "ஜோடியும் வேண்டாம் கூடையும் வேண்டாம், உள்ள வாய்யா" என்று கூப்பிட்டாராம். அப்பா எழுந்திருக்கவில்லை. ஒரு ஓட்டில் தோற்றார்கள். அப்பாவுக்கு வரவிருந்த மந்திரி பதவி அத்தோடு போயிற்று. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று ஊரே சொன்னது. வீட்டில் அதை வாய்விட்டுச் சொன்னவள் மகள்.

ஆக, ஒரு பொய் சொன்னால் என்ன? அப்பா அன்று இழந்ததற்கு இந்தப் பொய் ஈடுகூட ஆகாது என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டாள்.

டீயோடு திரும்பி வந்தபோது டிவியில் சத்தமே இல்லை.

"நான்தான் குறைச்சேன். அவன் தூங்கட்டும்" என்றார் மில்காரர், கிசுகிசுப்பாக. செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்திருந்தார். போன் அடித்தது. அதை வாயருகே வைத்து, கையால் மூடிக்கொண்டு, "அப்புறம் பேசு. இங்க தூங்கிட்டிருக்காங்க" என்றார். பிறகு அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் ஜன்னல்வரை நடந்துபோய், வெளியே நின்ற தன் டிரைவருக்கு ஹாரன் அடிக்காதே என்று சைகை காட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாற்காலி கொஞ்சம் கிரீச்சிட்டது. திருட்டு முழி முழித்தபடி அறைக் கதவைப் பார்த்தார்.

"முழிச்சிட்டானா?"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. செத்த மனிதரின் தூக்கம் கலையக் கூடாதென்று இந்த மனிதர் நுனிக்காலில் நடப்பதை இன்னும் ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க, எந்தச் சட்டத்துக்காகவும், யாருடைய முதுகுக்காகவும் அவளால் முடியாது.

"அப்பா போயிட்டாரு சார். ரெண்டு மணிக்கு முன்னாலயே. நான் பொய் சொல்லிட்டேன்."

மில்காரர் டீயைக் கீழே வைத்தார். கோபிப்பார் என்று பார்த்தாள். அவர் கோபிக்கவில்லை. கையை ஊன்றி எழுந்து அறைக்குள் போனார். கட்டிலருகே வெகுநேரம் நின்றார். சுவரில் ஆணியில் தொங்கிய மூட்டைக் கொக்கியை ஒரு விரலால் தொட்டார். அது லேசாக ஆடிற்று. வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றாகப் போகிறது. அவை இருபது நிமிட தூரம்.

போன் மறுபடி அடித்தது. அவர் பேசவில்லை, கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். டிரைவரோடு என்னவோ பேசும் சத்தம் கேட்டது. கார் கதவு சாத்தும் சத்தம். கார் கிளம்பித் தெருமுனையில் திரும்பும் சத்தம்.

அவ்வளவுதான் என்று சுவரோடு சாய்ந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டோமே என்கிற ஆறுதல் துளியும் இல்லை. அப்பாவைப் போலவே தானும் பிழைக்கத் தெரியாதவளாகிவிட்டதாகத்தான் தோன்றியது. பிறகு உள்ளே போய் அம்மாவைத் தொட்டு எழுப்பினாள். அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, மகளின் முகத்தைப் பார்த்தாள். இருவரும் அப்பாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அழுதார்கள். இருந்திருந்தால் அப்பா, "போதும், முகத்தத் துடைங்க" என்று அதட்டியிருப்பார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் திடுக்கிட்டு நின்றாள். அதே நாற்காலியில் மில்காரர் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலயா? கார் போச்சே?"

"உன் தம்பி மூணரை ரயில்ல வர்றான்னு காலையில சொன்னியே. ஸ்டேஷன் ஊருக்கு அந்தக் கோடி. ஆட்டோவுல வந்தா எப்ப வந்து சேர்றது? அதான் அனுப்பி வச்சேன்."

"கட்சியில இருந்து போன் பண்ணுவாங்களே?"

"அதையும் டிரைவர்கிட்டயே குடுத்தனுப்பிட்டேன். சும்மா கத்திக்கிட்டே கிடந்தது."

அவள் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் மில்காரர். "இது தப்பான மசோதா. நடுராத்திரியில எழுப்பிக் கேட்டாலும் தப்புன்னுதான் சொல்வேன். சாக்கு செலவு கூடும், லாரிக்காரன் வாடகை ஏத்துவான், நாலு சின்ன மில்லு படுத்துக்கும். உங்கப்பாகிட்ட இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேக்குற ஆளா அவன்?"

"அப்ப ஏன் சார் இங்கயே உக்காந்திருக்கீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஆபரேஷன் ஆகி மூணாம் நாள் உங்கப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தான். மந்திரி பதவி போனது எனக்குத் தெரியும். என்னைத் திட்டுவான்னு பாத்தேன். ஒண்ணுமே பேசல. நான் தூங்குறேன்னு நினைச்சுக்கிட்டு அந்த இடுப்ப வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னான். உக்காந்தா நாற்காலி சத்தம் போடுமாம், நர்ஸ்கிட்ட சொன்னானாம். எனக்குக் கண்ணத் திறக்க வெக்கமா இருந்தது, படுத்தே கிடந்தேன். இன்னி வரைக்கும் அவன்கிட்ட அதைச் சொல்லல."

அம்மா எப்போது வந்தாளோ, கதவருகே நின்றிருந்தாள். "அவருக்குத் தெரியும்ணா. நீங்க முழிச்சிட்டுத்தான் இருந்தீங்கன்னு வீட்ல வந்து சொல்லிச் சிரிச்சாரு" என்றாள்.

மில்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு டிவியில் எண்கள் வந்தன. மகள் சத்தத்தைக் கூட்டவில்லை. ஆதரவு நூற்று நாற்பத்தொன்று, எதிர்ப்பு நூற்று நாற்பது. டீச்சர் அம்மா எழுந்து நின்று அப்பாவின் காலி இருக்கையைப் பார்த்தார். அதில் அந்தச் சின்னத் தலையணை இருந்தது. முதல் முறை சிரித்த அதே சபை, மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது. எதிர்வரிசையிலும் இரண்டு மூன்று பேர் தட்டினார்கள். நாளைக் காலையில் சந்தைக்குப் போகிறவனின் முதுகுக்கு இது இன்னும் தெரியாது. ஆனால் தெரியப்போகிறது. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. எது எதுவென்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

"ஜெயிச்சுட்டான் படுபாவி" என்றார் மில்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு மில்லுல எல்லா சாக்கையும் மாத்தணும்."

அம்மாதான் அடுத்த வேலையை நினைவுபடுத்தினாள். "இனிமே ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க. அவரைக் கூடத்துக்குக் கொண்டுவரணுமே. தம்பி வரட்டுமா?"

"எதுக்கு? நான் இருக்கேன்ல" என்று மில்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கூடத்தின் நடுவே பெஞ்சைப் போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். அப்பாவை விரிப்போடு தூக்குவதென்று முடிவாயிற்று. மில்காரர் தலைமாட்டுக்குப் போய் நின்றார்.

"எவ்வளவு இருப்பான்?"

"நாப்பத்தெட்டு. போன வாரம் நான்தான் எடை பாத்தேன்."

அவர் யோசித்தார். "அப்ப சட்டப்படி ஒரு ஆளே தூக்கலாம்."

அம்மா அழுதுகொண்டிருந்தவள் பட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு பேராவே தூக்குவோம் மாமா" என்றாள் மகள்.

மில்காரர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து, முதுகை வளைத்துக் குனிந்தார்.

"அப்படியில்ல. முதுகை வளைக்காதீங்க" என்றாள். அவள் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா அவளை அடுப்படியில் நிறுத்தி, ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தது அது. "முழங்காலை மடக்குங்க. பாரம் நெஞ்சோட ஒட்டி இருக்கணும். நான் மூணு எண்ணினதும் காலால எழுந்திரிங்க."

நாலு மில்லுக்குச் சொந்தக்காரர், பிறந்ததிலிருந்து ஒரு மூட்டையும் தூக்கியறியாதவர், அவள் சொன்னபடியே மெல்ல முழங்காலை மடக்கினார். அவள் எண்ண ஆரம்பித்தாள்.